பெனால்டி அடிக்கப் போகிறவனிடம் என்ன சொல்வது?

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய கௌதம்புரம் தமிழர்கள் நிறைந்த பேட்டை. அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் அங்கே சிலை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மைதானம் ஒன்றில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் டிராவில் முடிந்து டைபிரேக்கருக்குப் போனது. கடைசி பெனால்டியை அடிக்க வந்த பையனுக்குப் பதினேழு வயது இருக்கும். கோல் விழுந்தால் அணி தப்பிக்கும், விட்டால் அவ்வளவுதான். கோட்டுக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் அவனுக்கு உதவத் துடித்தார்கள். "பயப்படாத மச்சா!" "டென்ஷன் ஆகாதடா!" "மேல மட்டும் தூக்கிடாத!" விசில் ஊதிய அடுத்த நொடியே ஓடி வந்து அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

பயந்துட்டான் என்றார்கள். உண்மைதான், பயந்துதான் இருந்தான். ஆனால் அவனுக்கு வந்த அறிவுரைகளில் ஒன்றாவது அந்த நேரத்தில் அவனுக்குப் பயன்பட்டிருக்குமா என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். மூன்றுமே 'செய்யாதே' ரகம். பயப்படாதே, பதறாதே, தூக்காதே. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்று வைத்தியர் சொன்ன கதை நமக்கெல்லாம் தெரியும். அதற்கப்புறம் மருந்தைக் கையில் எடுத்தாலே குரங்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் இதையே ஆய்வாகச் செய்து பார்த்தார். குழியைத் தாண்டிப் பந்தைத் தள்ளிவிடாதே என்று கோல்ஃப் ஆடுபவர்களிடம் சொல்லி, கூடவே மனதுக்கு வேறொரு சுமையும் கொடுத்தால், அவர்கள் தாண்டித் தள்ளுவதுதான் அதிகமானது. மூளை ஒன்றைத் தவிர்க்க வேண்டுமானால், முதலில் அதையே தேடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பதற்றம் இல்லாத நேரத்தில் அந்தத் தேடலை அடக்கிவைக்க நம்மால் முடியும். பதற்றத்தில் முடியாது.

பெனால்டியில் கோட்டை விடுவது நம் பையன்களுக்கு மட்டும் நடப்பதில்லை. சுதந்திர இந்தியா ஆடிய முதல் ஒலிம்பிக், 1948 லண்டன். பிரான்ஸுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் நம்மவர்கள் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். சாரங்கபாணி ராமன் கோல் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. ஆனால் அதே ஆட்டத்தில் இந்தியாவுக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. 2-1 என்று தோற்றோம். வெறுங்காலைப் பற்றி இன்று வரை பேசுகிறோம். அந்த இரண்டு பெனால்டிகளைப் பற்றிப் பேசுவது குறைவு.

நார்வேயைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர் உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை டைபிரேக்கர்களின் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கோல் போட்டால் உடனே வெற்றி என்ற நிலையில் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் போட்டுவிடுகிறார்கள். விட்டால் உடனே தோல்வி என்ற நிலையில் அதே தரத்து ஆட்டக்காரர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். தூரமும் பந்தும் கோல் கம்பமும் அதேதான். மாறியது அந்த உதையின் அர்த்தம் மட்டும். இன்னொன்றையும் அவர் கவனித்தார். அழுத்தம் ஏற ஏற, சிலர் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டியபடி பின்னால் நடக்கிறார்கள். விசில் ஊதியதும் ஒரு மூச்சுகூட விடாமல் ஓடுகிறார்கள். அந்தச் சங்கடத்திலிருந்து சீக்கிரம் விடுபட்டால் போதும் என்ற தவிப்பு அது. அன்று கௌதம்புரத்துப் பையனிடம் நான் பார்த்ததும் அதுவே.

நம் ஊரில் விளையாட்டு உளவியல் என்றால் இரண்டு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒன்று, மேட்ச்சுக்கு முன்னால் ஒருவர் வந்து மைக் பிடித்து உற்சாகமூட்டுவது. இன்னொன்று, மனசு சரியில்லாதவர்களுக்கு வைத்தியம். இரண்டுமே இதன் மையம் இல்லை. இதன் மையம் கவனம். கவனத்தை எங்கே வைப்பது, எப்போது வைப்பது, கலைந்தால் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பதைக் கால் தசைக்குப் பயிற்சி கொடுப்பது போலத் தினமும் பழக்குவது. ஆனால் அந்தக் கவனம், தன் வாழ்க்கையே இந்த ஒரு உதையில் தொங்குகிறது என்று நினைக்கிற பிள்ளையிடம் நிற்காது. விளையாட்டுத் திறனையும் மனநலத்தையும் தனித்தனி டப்பாவில் போட்டு வைக்க முடியாது என்று நான் நினைப்பதற்குக் காரணம் இதுதான்.

கவனம் எப்படிக் கெடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். ஒரு வழி எல்லோருக்கும் தெரியும். தோற்றால் என்ன ஆகும், அப்பா என்ன சொல்வார், செலக்டர் பார்க்கிறாரா என்று மனம் வெளியே ஓடிவிடுகிறது. இரண்டாவது வழிதான் விசித்திரமானது. மனம் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிடுகிறது. அல்சூர் மார்க்கெட்டில் பூ கட்டும் அம்மாவைப் பாருங்கள். ஊர்க் கதை பேசிக்கொண்டே, சில்லறை எண்ணிக்கொண்டே, கையைப் பார்க்காமலே முழம் முழமாகக் கட்டித் தள்ளுவார். "நாரை எந்த விரலால சுத்துறீங்கம்மா?" என்று ஒரு தரம் கேட்டேன். சொல்லிக் காட்ட முயன்றதும் விரல் தடுமாறி, கட்டு அவிழ்ந்துவிட்டது. "கேக்காம இருந்தா வரும் கண்ணு" என்றார்.

சயன் பெய்லாக் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு பூக்காரம்மா சொன்னதைத்தான் அளந்து காட்டியது. அனுபவமுள்ள கால்பந்து வீரர்களைப் பந்தைக் கடத்திக்கொண்டு போகச் சொல்லி, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். வேகம் குறைந்தது. புதிதாகக் கற்றுக்கொள்பவர்களிடம் அதையே சொன்னபோது அவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆயிரம் முறை செய்து உடம்பில் ஊறிப்போன வேலையை, பதற்றத்தில் நாமே பிரித்துப் பிரித்துக் கண்காணிக்க ஆரம்பிக்கிறோம். ஒரே ஓட்டமாக வந்துகொண்டிருந்தது துண்டு துண்டாகிவிடுகிறது.

இதில் கோச்சுகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு முழங்கையை எங்கே வைப்பது என்று சொல்லித்தான் ஆக வேண்டும். பத்து வருடம் ஆடியவளிடம் ஃபைனலுக்கு ஐந்து நிமிடம் முன்னால் முழங்கையைப் பற்றிப் பேசக் கூடாது. நல்லெண்ணத்தோடு கடைசி நிமிடத்தில் கொடுக்கப்படும் டெக்னிக் அறிவுரை, பூக்காரம்மாவிடம் நான் கேட்ட கேள்விக்குச் சமம்.

இந்தத் துறை ஒன்றும் நேற்று முளைத்ததில்லை. சைக்கிள் பந்தய வீரர்கள் தனியாக ஓட்டுவதைவிடக் கூட ஆள் இருந்தால் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று நார்மன் டிரிப்லெட் 1898-இல் எழுதினார். கோல்மன் கிரிஃபித் 1925-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் இதற்கென்று ஆய்வகமே தொடங்கினார். பிறகு 1938-இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணி அவரை வேலைக்கு எடுத்தது. ஆனால் அணி மேலாளருக்கு அவரைப் பிடிக்கவே இல்லை. ஆட்டத்தைத் தெரிந்தவனுக்கு மனதைப் பற்றி வெளியாள் என்ன சொல்வது என்ற அந்த எரிச்சல், இன்றைக்கும் பல மைதானங்களில் அப்படியே இருக்கிறது.

பதற்றமே கூடாது என்பதும் தப்பு. எலிகளை வைத்து 1908-இல் யெர்க்ஸ், டாட்சன் இருவரும் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய ஒரு கருத்து உண்டு. பரபரப்பு ரொம்பக் குறைந்தாலும் செயல் மந்தம், ரொம்ப ஏறினாலும் கெடும், நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது என்பார்கள். அந்த நடு இடம் எல்லோருக்கும் ஒன்றல்ல என்று பிறகு யூரி ஹானின் காட்டினார். பளு தூக்குபவருக்குத் தேவையான கொதிப்பு துப்பாக்கி சுடுபவரின் கையைக் கெடுக்கும். ஒரே அணியில் ஒருத்தி சத்தமாகப் பாட்டுக் கேட்டுவிட்டு இறங்குவாள், இன்னொருத்தி மூலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள். எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து ஒரே கோஷம் போடச் சொல்வது இருவரில் ஒருத்திக்காவது தொல்லை.

சரி, அப்படியானால் என்னதான் சொல்லிக் கொடுக்கிறார்கள்? மிகவும் எளிமையாகத் தெரிவதுதான் மிகவும் உதவுகிறது என்பது என் அனுபவம். அடிப்பதற்கு முன்னால் தினமும் ஒரே மாதிரி செய்யும் ஒரு சின்ன வரிசை. பந்தைக் கையால் எடுத்து வை. நான்கு அடி பின்னால் போ. ஒரு மூச்சை மெதுவாக வெளியே விடு. எந்த மூலை என்று ஒரு தரம் பார். ஓடு. இதில் மாயம் எதுவும் இல்லை. மனம் எதிர்காலத்துக்கு ஓடப் பார்க்கிற அந்தப் பத்து நொடியில், அதற்கு இங்கேயே செய்ய வேலை கொடுக்கிறோம். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்கினால் இதயத் துடிப்பு கொஞ்சம் இறங்கும். யோகா வகுப்பில் நாம் கேட்டதுதான், உடலியலும் அதையே சொல்கிறது. கண்ணுக்கும் வேலை உண்டு. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கண் அசைவுகளை அளந்து பார்த்தபோது, தேர்ந்த கூடைப்பந்து வீரர்கள் ஃப்ரீ த்ரோ எறிவதற்கு முன் வளையத்தின் மேல் பார்வையை நிலையாக நிறுத்துவதும் மற்றவர்களின் பார்வை அலைவதும் தெரிந்தது.

இந்த வரிசையை மேட்ச் அன்று புதிதாக ஆரம்பித்தால் பிரயோஜனமில்லை. மழைத் தூறலில், கால் வலிக்கும்போது, நண்பர்கள் கிண்டல் பண்ணும்போது என்று ஆயிரம் தடவை செய்திருந்தால்தான் ஃபைனலில் அது கைகொடுக்கும். மகேந்திர சிங் தோனி 2020-இல், முன்னாள் தமிழ்நாட்டு வீரர் பத்ரிநாத் தொடங்கிய மனத்திறன் பயிற்சி அமைப்பு ஒன்றின் நிகழ்ச்சியில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். களத்தில் இறங்கிய முதல் ஐந்து பத்துப் பந்துகளுக்குத் தனக்கும் இதயம் படபடக்கும், கொஞ்சம் பயமாகவும் இருக்கும் என்றார். மனப்பயிற்சியாளர் என்றால் பதினைந்து நாள் வந்துவிட்டுப் போகிறவராக இருக்கக் கூடாது என்றும் சொன்னார். 'கேப்டன் கூல்' என்று ஊரே கூப்பிட்டவருக்கும் படபடப்பு உண்டு என்பது எத்தனை பிள்ளைகளுக்கு ஆறுதலாக இருக்கும்! படபடப்போடு சேர்த்தே வேலையைச் செய்ய அவர் பழகியிருந்தார்.

மனதுக்குள் ஒத்திகை பார்ப்பதும் அப்படித்தான். கண்ணை மூடிக்கொண்டு கோப்பையைத் தூக்குவது போலக் கனவு காண்பது ஒத்திகை ஆகாது. கால் ஷூவின் இறுக்கம், டிராக்கின் சூடு, பக்கத்து லேனில் ஓடுபவளின் மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து, அசல் வேகத்திலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும். தப்பு நடந்தால் என்ன செய்வேன் என்பதும் அதற்குள் வர வேண்டும். துப்பாக்கி சுடுதலில் அபினவ் பிந்த்ரா 2004 ஏதென்ஸ் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். நான்கு வருடம் கழித்து பெய்ஜிங்கில், கடைசித் தோட்டாவுக்கு முன் அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினெனும் சம புள்ளியில் நின்றார்கள். பிந்த்ரா 10.8 அடித்தார், ஹாக்கினென் 9.7. தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் அந்த ஒரு தோட்டாவில் வந்தது.

தப்பு நடந்த பிறகு திரும்பி வருவதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் நம் சென்னைப் பையன் குகேஷ். சிங்கப்பூரில் 2024 உலக செஸ் சாம்பியன்ஷிப்பில் பதினோராவது ஆட்டத்தை வென்று முன்னிலைக்கு வந்தார். அடுத்த ஆட்டத்திலேயே தோற்றார், மறுபடி சமம். பதினெட்டு வயதில் அந்த இரவைத் தாண்டுவது லேசா? பதின்மூன்றாவதை டிரா செய்து, பதினான்காவதை வென்று 7.5-6.5 என்று சாம்பியன் ஆனார். அந்தச் சமயத்தில் அவரோடு வேலை செய்தவர் தென்னாப்பிரிக்க மனப்பயிற்சியாளர் பேடி அப்டன். 2011-இல் உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடும் இருந்தவர். பெங்களூரில் இந்திய விளையாட்டு ஆணையத்தின் (சாய்) மையத்தில் முகாம் போட்டுப் பயிற்சி எடுத்த நம் ஆண்கள் ஹாக்கி அணியோடும் அவர் பாரிஸ் ஒலிம்பிக் வரை இருந்தார். அங்கே காலிறுதியில் அமித் ரோஹிதாஸ் ரெட் கார்டு வாங்கிய பின், பெரும் பகுதி நேரம் பத்துப் பேரோடு ஆடி, பிரிட்டனை ஷூட் அவுட்டில் 4-2 என்று வென்றார்கள். இதற்கெல்லாம் அப்டன்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று பயந்து கிடக்காமல் அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் ஓர் அணிக்கு வர முடியும் என்பதை அந்த ஆட்டம் காட்டியது.

இதுவரை சொன்னது திறன். இனிச் சொல்வதை அதைவிட முக்கியமாக நினைக்கிறேன்.

பெய்ஜிங் தங்கத்துக்குப் பிறகு தனக்குள் பெரிய வெறுமை வந்ததாக பிந்த்ரா வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஜெயித்தவருக்கே அப்படி. பளு தூக்கும் மீராபாய் சானு 2016 ரியோ ஒலிம்பிக்கில் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சியிலும் தூக்க முடியாமல் போனார். மறு வருடம் உலக சாம்பியன், டோக்கியோவில் வெள்ளி. அந்த ரியோ தோல்வி மனதளவில் தன்னை எவ்வளவு உலுக்கியது என்பதை அவர் மறைக்கவில்லை. விராட் கோலி 2014 இங்கிலாந்துத் தொடரில் பத்து இன்னிங்ஸில் 134 ரன் எடுத்த காலத்தில் மன அழுத்தத்தில் இருந்ததாகவும், சுற்றி அத்தனை பேர் இருந்தும் தனியாக உணர்ந்ததாகவும் பின்னர் சொன்னார். டோக்கியோவில் அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியின் நடுவில் விலகியபோது எத்தனை பேர் அவரை ஏசினார்கள்! காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோயிருந்தது. அப்படியே தொடர்ந்திருந்தால் கழுத்து முறிந்திருக்கலாம். விலகியவர் உதவியை நாடினார், ஓய்வெடுத்தார், பாரிஸுக்குத் திரும்பி வந்து மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார்.

சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் உயர்மட்ட விளையாட்டு வீரர்களின் மனநலம் பற்றி நிபுணர்களின் கூட்டறிக்கை வெளியிட்டது. களத்தில் இருக்கும் உயர்மட்ட வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் மனப்பதற்றம் அல்லது மனச்சோர்வின் அறிகுறிகள் தென்படுகின்றன என்பது அந்தக் காலத்து ஆய்வுகளின் கணக்கு. உடம்பு கட்டுமஸ்தாக இருந்தால் மனமும் அப்படியே இருக்கும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை.

ஏன் இப்படி? ஒரு காரணம், அடையாளம். எட்டு வயதிலிருந்து "ரன்னர் பொண்ணு", "ஃபுட்பால் பையன்" என்று மட்டுமே கூப்பிடப்படும் பிள்ளைக்கு, அது போய்விட்டால் தான் யார் என்றே தெரிவதில்லை. காயம் பட்டு ஆறு மாதம் வீட்டில் இருக்கும்போது இது வெளியே வரும். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தவர்களில் கணிசமானோர், டாக்டர் 'ஆடலாம்' என்று சொன்ன பிறகும் பழைய தரத்துக்குத் திரும்புவதில்லை. மறுபடி கிழியுமோ என்ற பயம் அதில் பெரிய பங்கு வகிக்கிறது. வாழ்க்கை நெருக்கடி காயத்தைக் கொண்டுவரவும் செய்கிறது. மன அழுத்தத்தில் தசை இறுகும், ஓரப் பார்வை சுருங்கும், பக்கத்திலிருந்து வரும் ஆளைக் கவனிக்கத் தாமதமாகும். அம்மா அப்பா சண்டையில் தூக்கமில்லாமல் வந்த பையனுக்குக் கணுக்கால் பிசகினால் அது வெறும் துரதிருஷ்டம் இல்லை.

இன்னொரு காரணம், பணம். இதைப் பெங்களூர்த் தமிழர்களிடம் நான் விளக்கத் தேவையில்லை. தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., விமானம் செய்யும் எச்.ஏ.எல். தொழிற்சாலைகள் கால்பந்து அணி வைத்திருந்த காலத்தில், நன்றாக ஆடினால் வேலை என்ற நம்பிக்கையோடு எத்தனையோ பையன்கள் மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு குடும்பத்தைப் பந்து தூக்கிவிட முடிந்தது. அந்த வாசல்கள் சுருங்கியபின்பும் எதிர்பார்ப்பு மட்டும் வீட்டில் அப்படியே இருக்கிறது. அந்தக் கடைசி பெனால்டியில் பையன் உதைத்தது பந்தை மட்டும்தானா? அவனிடம் மூச்சை விடு என்று சொல்லிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். ஆனால் வீட்டில் ஒருவர், "நீ ஆடினாலும் ஆடாட்டியும் எங்க பிள்ளைதான்" என்று சாப்பாடு போடும்போது சொல்வது, அந்த மூச்சுப் பயிற்சிக்கு அடியில் இருக்க வேண்டிய தரை.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து, மனிதர்கள் ஒரு காரியத்தில் மனமுவந்து நிலைக்க மூன்று வேண்டும் என்றார்கள். இது என் விருப்பம் என்ற உணர்வு, எனக்கு வருகிறது என்ற உணர்வு, எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு. பயத்தால் நடத்தும் கோச் முதலாவதை எடுத்துவிடுகிறார். அடுத்தவனோடு மட்டுமே ஒப்பிடுகிறவர் இரண்டாவதை எடுத்துவிடுகிறார். தோற்ற அன்று முகம் கொடுத்துப் பேசாத பெற்றோர் மூன்றாவதை எடுத்துவிடுகிறார்கள். மெடல் வராத பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். என் அக்கா ஆறு மாதமாக அல்சூர் ஏரிக்கரையில் நடக்கிறாள். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது என்று நான் நூறு முறை சொல்லியும் நகராதவள், மூன்று பேர் சேர்ந்து காலை ஆறு மணிக்கு வாசலில் வந்து கூப்பிட ஆரம்பித்ததும் கிளம்பிவிட்டாள்.

அவளுடைய மகள் 400 மீட்டர் ஓடுகிறாள். போன வருடம் கண்டீரவா ஸ்டேடியத்தில் ஒரு போட்டியில் முதல் 300 மீட்டர் முன்னால் போய், கடைசி நூறில் உடம்பு இறுகி ஐந்தாவதாக வந்தாள். ஸ்கூட்டரில் திரும்பும் வழியெல்லாம் அக்கா, "ஏன் கடைசியில விட்டுட்ட?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். வையாமல், உண்மையான அக்கறையோடுதான். நானும் பின்னால் உட்கார்ந்து, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று ஏதோ சொன்னேன். இரண்டு வாரம் பயிற்சிக்குப் போக மாட்டேன் என்று அவள் அடம் பிடித்தபோதுதான் உறைத்தது. அடுத்த போட்டியிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். போட்டி முடிந்த அன்று முதல் கேள்வி "பசிக்குதா?" மட்டும். ஓட்டத்தைப் பற்றி அவள் எடுத்தால் பேசலாம், இல்லாவிட்டால் மறுநாள்.

பிறகு ஓர் உளவியலாளரிடம் கூட்டிப் போனோம். அதற்கு வீட்டில் எதிர்ப்பு வந்தது. "அவளுக்கு என்ன பைத்தியமா?" என்றார் பாட்டி. பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கும் ஊர் இது. கோபத்தில் "உன்னை நிம்ஹான்ஸ்லதான் சேர்க்கணும்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இந்தக் கூச்சத்தைப் போக்க, யார் எந்த வேலைக்கு என்று தெரிந்துகொள்வது உதவும். மருந்து எழுதுகிறவர் மனநல மருத்துவர். நோய்நிலைகளை மதிப்பிட்டுப் பேச்சு வழியாகச் சிகிச்சை தருகிறவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். விளையாட்டு உளவியலாளர் கவனம், வழக்கம், இலக்கு, காயத்திலிருந்து திரும்புவது போன்றவற்றில் வேலை செய்கிறவர். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் போட்டுக்கொள்ளும் நிலை இருப்பதால், என்ன படித்தீர்கள், யாரிடம் பயிற்சி எடுத்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். அதைவிட முக்கியம், பிள்ளை சொல்வது கோச்சுக்கோ செலக்டருக்கோ போகுமா என்று கேளுங்கள். போகும் என்றால் பிள்ளை உண்மையைச் சொல்லாது. உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, சொன்னது அந்த அறைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் வாரக்கணக்கில் ஓடினால், அல்லது உயிர் வேண்டாம் என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், அது மேட்ச் டென்ஷன் இல்லை. மனநல மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். 2022-இல் தொடங்கிய டெலி மனாஸ் என்ற அரசு உதவி எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். அதை ஒருங்கிணைப்பதே நம் நிம்ஹான்ஸ்தான்.

அக்கா மகள் போன இடத்தில், கடைசி நூறு மீட்டருக்கு உனக்கு நீயே சொல்லிக்கொள்ள ஒரு சொல் எடு என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், மைதானத்தில் கன்னடம், வீட்டில் தமிழ் என்று வளரும் பெண். முதலில் 'ரிலாக்ஸ்' என்று வைத்துப் பார்த்தாள், ஒட்டவில்லை. எந்த மொழியில் பயம் வருகிறதோ அந்த மொழியில் சொல்லிக்கொள்வதுதான் ஒட்டும் என்பது என் எண்ணம். இறுகுவது தோளில்தான் தொடங்குகிறது என்று கவனித்து, "தோளை விடு" என்று மாற்றிக்கொண்டாள். மூன்று மாதம் ஒவ்வொரு பயிற்சி ஓட்டத்திலும் 300 மீட்டர்க் கோட்டில் அதைச் சொல்லி ஓடினாள். போன மாதம் நான்காவதாக வந்தாள், தன்னுடைய பழைய நேரத்தைவிடக் குறைத்து. ஸ்டேடியத்துக்கு வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறும்போது, "சித்தி, பசிக்குது" என்றாள். பானிபூரி தின்றுகொண்டே, நாங்கள் கேட்காமலே, முதல் வளைவிலிருந்து கடைசிக் கோடு வரை முழு ஓட்டத்தையும் சொன்னாள்.